கிடார் கம்பி விஷயமாகச் சம்பந்திக்கு

அபிராமபுரம்,
திங்கட்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, பேராசிரியர் ராகவேந்திரன் அவர்களுக்கு, தி.நகர் ஜவுளி வியாபாரி கணேசமூர்த்தி வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நான், முத்துலட்சுமி, ஹரி, தங்கள் குமாரத்தியும் எங்கள் மருமகளுமான ஹம்சினி, நால்வரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் சம்பந்தியம்மாவின் இடது முழங்காலும் சௌக்கியம் என்று நம்புகிறேன். பெசன்ட் நகரில் இந்த மாதம் கடற்காற்று எப்படி, காலை நடை உண்டா என்றெல்லாம் விசாரிக்க ஆசைதான். ஆனால் அப்படி விசாரித்தால் விஷயத்தைத் தள்ளிப்போடுகிறேன் என்று முத்துலட்சுமி முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்வதால் விஷயத்துக்கு வருகிறேன்.

நாலு கிலோமீட்டர் தூரத்துக்கு ஸ்பீடு போஸ்டா என்று தாங்கள் நினைக்கலாம். போன வாரம் பதினோரு தடவை போன் செய்தேன், தாங்கள் எடுக்கவில்லை. வாட்ஸப்பில் 'வணக்கம்' என்று அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம், யார் சொன்னதும் யாருக்கும் கேட்காது. கடிதத்தில் நான் எழுதி முடிக்கும் வரை தாங்கள் குறுக்கே பேச வழியில்லை. இது மன்னிப்புக் கடிதம். மன்னிப்பு கடைசியில் வருகிறது. அவசரமென்றால் நேராக அங்கே போய்விடலாம். ஆனால் வரிசையாகப் படித்தால்தான் நான் எதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், எதற்குக் கேட்கவில்லை என்பது தெளிவாகும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஹம்சினி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று ஒரு நீளமான கறுப்புப் பையையும் முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாள். பெண் மயிலாப்பூரில் பதினோரு வருடம் வீணை படித்தவள் என்று நிச்சயதார்த்தத்தில் தாங்கள் நாலு தடவை சொல்லியிருந்ததால், வீணைதான் என்று நினைத்து பூஜை அறையில் இடம் ஒதுக்கி, முத்துலட்சுமி கோலமே போட்டுவிட்டாள். பையைத் திறந்தால் நாலு தடித்த கம்பியோடு ஒரு கிடார். பேஸ் கிடார் என்றாள். தாங்கள் அதைப் பற்றி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வீணைக்கு மெட்டு இருப்பதுபோல கிடார் கழுத்தில் குறுக்கே ஃபிரெட் என்று வரிசையாகப் பதித்திருப்பார்கள் அல்லவா, இதில் ஒன்றுகூட இல்லை, மொட்டைப் பலகை. நான் வியாபாரி. "பீஸ் டேமேஜாம்மா? பில் இருந்தா மாத்திரலாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஃபிரெட்லெஸ் மாமா, வேணும்னே இல்லாம பண்றது. விரல் எங்க நிக்கறதோ அங்கதான் ஸ்வரம்" என்று வாசித்துக் காட்டினாள். எனக்குப் புரியவில்லை, ஆனால் பிடித்துப்போனது. அதிலிருந்து தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவுடன் அவள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே காபி குடிப்பது எனக்கு வழக்கமாயிற்று. தங்களுக்கு அந்த வழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

இந்த வழக்குக்கு மூலகாரணம் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது ஹம்சினி, "பழைய ஸ்ட்ரிங்ஸ் செத்துப்போச்சு. ஃப்ளாட்வவுண்ட் போடறதா, ரவுண்ட்வவுண்ட் போடறதான்னே தெரியல" என்றாள். ஹரியைப் பார்த்துத்தான் சொன்னாள். ஹரி "ம்" என்றான். அவன் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதும் இதே "ம்"மில்தான், தங்களுக்கு ஞாபகமிருக்கும். அவன் பதில் சொல்லவில்லை என்பதால் கேள்வி என்னிடம் வந்து நிற்கிறது என்று எடுத்துக்கொண்டேன். என் வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது சம்பந்தி. கடையிலும் இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரைத்தான் கேட்கிறார்கள். வந்த கேள்வியை விட மனசு வரவில்லை.

மறுநாளிலிருந்து கல்லாவில் உட்கார்ந்து போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். எண்பது சென்டிமீட்டர் ரவிக்கைத் துணி கேட்ட ஓர் அம்மாளுக்கு எட்டு மீட்டர் கிழித்துக் கொடுத்துவிட்டு, "வீட்ல எல்லாருக்கும் தச்சுக்கோங்க" என்று சமாளிக்க வேண்டிவந்தது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. இரண்டு கம்பிக்கும் நடுவில் ஓர் உள்கம்பிதான். அதன்மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றினால் ரவுண்ட், பட்டையான நாடா மாதிரிக் கம்பியைச் சுற்றினால் ஃப்ளாட். ரவுண்டைத் தடவினால் கையில் நெறுநெறுவென்று வரிவரியாகத் தட்டும். சத்தம் பளிச்சென்று இருக்கும், நீண்டு நிற்கும், ஆனால் மொட்டைப் பலகையை அரம் போல ராவிவிடும். ஃப்ளாட் வழவழவென்று இருக்கும். சத்தம் அடக்கம், ஆழம், பலகைக்கும் சேதமில்லை. நாற்பது வருடம் பாவு நூலையும் ஊடை நூலையும் விரலால் தடவிப் பார்த்தே ரகம் சொன்னவன் நான். ஒரு கடைக்குப் போய் இரண்டையும் ஒரு தடவை தடவினேன். அஞ்சு நிமிடத்தில் ஃப்ளாட் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் போனில் சம்பந்தியம்மாவிடமும் இதையே சொல்லி, அதைக் கேட்டு அதே வாரத்தில் தாங்களும் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைகளின் கல்யாண நாள் விருந்தில் நடந்தது தங்களுக்கே தெரியும். இருந்தாலும் நான் பார்த்த விதத்தில் அதைப் பதிவு செய்துவிடுகிறேன். கூட்டு பரிமாறும்போது நான் சட்டைப்பையிலிருந்து ஃப்ளாட்டை எடுத்து, "இந்தாம்மா, உன் கேள்விக்குப் பதில்" என்றேன். அதே நேரத்தில் தாங்கள் ஜோல்னாப் பையிலிருந்து ரவுண்டை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். ஹம்சினி இரண்டையும் பார்த்தாள், நம் இருவரையும் பார்த்தாள். நான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"இதைப் போட்டா பலகை தேய்ஞ்சிரும் சார். தேய்ஞ்சா நீங்களா வந்து இழைச்சுக் குடுப்பீங்க?"

"பலகையைக் காப்பாத்தறதுக்கா சார் வாத்தியம்? கொழந்தைக்குக் கார்வை வேணும், ஸ்வரம் நீண்டு நிக்கணும். போர்வையைப் போத்தி அமுக்கின மாதிரி ஒரு சத்தத்தை வெச்சிண்டு அவ என்ன பண்ணுவா? நாதத்தையெல்லாம் மீட்டர் கோலை வெச்சு அளக்க முடியாது சார்."

மீட்டர் கோல் என்று சொன்னீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அதற்கு நான், "நாப்பது வருசம் கரும்பலகையில சாக்பீஸைக் கிறீச்சிட்டவருக்கு எது எரைச்சல், எது எசைன்னு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டது தப்புதான். அதை நான் இரண்டாம் தடவையும் உரக்கச் சொன்னது அதைவிடத் தப்பு. சம்பந்தியம்மாவுக்கு முதல் தடவை காதில் விழவில்லையோ என்று நினைத்துச் சொன்னேன். தாங்கள் மோர் சாதத்துக்கு முன்னாலேயே கையைக் கழுவிக்கொண்டு, வந்த கோபத்தில் வாசலில் என் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். என்னுடையது ஒன்பதாம் நம்பர், தங்களுடையது ஏழு. லிஃப்டுக்குள் தாங்கள் ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமுமாகத் திரும்பியதைப் பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் ஹரி வந்து மாற்றிக் கொடுத்துவிட்டான், அது தீர்ந்த கணக்கு.

தாங்கள் போன பிறகு முத்துலட்சுமி என்னை நிற்க வைத்துக் கேட்டாள். "ஏங்க, ஒங்களுக்கு எதுக்கு இந்தச் சோலி? பொண்ணக் குடுத்தவுகள இலைய விட்டு எந்திரிக்க வச்சிட்டீகளே! ஊருல கேட்டா என்ன சொல்லுவாக? கம்பி வாங்கிக் குடுத்தாகளாம், கம்பி. ஒங்களத்தான் கம்பி எண்ண வைக்கணும்." அதையாவது தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஹம்சினி இரண்டு பாக்கெட்டையும் எடுத்து டிவி ஸ்டாண்டுக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசிக்கவில்லை. திங்கட்கிழமையும் இல்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை. சனிக்கிழமை ஆழ்வார்பேட்டையில் அவர்கள் குழுவுக்கு நிகழ்ச்சி. பாடுகிற பெண் தீபிகா போன் செய்து "பிராக்டிஸுக்கு ஏன் வரல" என்று கேட்டதும் "நாளைக்கு வரேன்" என்று இவள் சொன்னதும் என் காதில் விழுந்தது. நான் காபியை வைத்துக்கொண்டு, மூலையில் சும்மா நிற்கிற கிடாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காபி இறங்கவில்லை சம்பந்தி.

ஆகவே புதன்கிழமை கடையை ஹரியிடம் ஒப்படைத்துவிட்டு, ஹம்சினி ஆபீஸ் போனதும், இதை நியாயமாகத் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்துல் கரீம் என்று ஒருவர் கிடார் விற்கிறார், ரிப்பேரும் பார்க்கிறார், கைராசிக்காரர் என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். கிடாரையும் இரண்டு பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டேன். கிடார் பை அவள் அலமாரிக்குள் இருந்தது. மருமகள் அலமாரியைத் திறக்கிற வழக்கம் எனக்கில்லை. அவளைக் கேட்காமல் கிடாரைத் தூக்கிக்கொண்டு போகிற வழக்கம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று தாங்கள் கேட்கக்கூடாது, ஏற்கனவே கேட்டுவிட்டார்கள். பை இல்லாததால் நம் கடை எட்டு முழ வேட்டி ஒன்றைச் சுற்றி எடுத்துப் போனேன். ஆட்டோவில் பாதி மடியிலும் பாதி வெளியிலுமாக, கழுத்துப் பக்கம் வேட்டி விலகிக் கிடந்தது. லஸ் முனை சிக்னலில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், வேட்டி கட்டினுகீது? யாரு அது?"

"கிடாருப்பா."

"கிடாருக்கு ஆறு கம்பி இருக்கும்ல? இதுல நாலுதான் கீது. மேல கோடும் இல்ல. மொத்தமா உருவிக்கினாங்களா? பாத்து வாங்கறதில்லையா சார்?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஃபிரெட்லெஸ் என்றால் என்ன, விரல் நிற்கிற இடத்தில் எப்படி ஸ்வரம் பிறக்கிறது என்று ராயப்பேட்டை வரைக்கும் அவருக்கு விளக்கிக்கொண்டே போனேன். இறங்கும்போது அவர், "அப்ப தப்பா விரல வெச்சா காட்டிக் குடுத்துடும், இன்னா சார்?" என்றார். நான் ஒரு மாதம் பார்த்த வீடியோ எதிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

கரீம் ஐம்பது வயது மனிதர். வேட்டியை அவிழ்த்துக் கிடாரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "ஈட்டி மரம் சார் பலகை. சும்மா கண்ணாடி மாதிரி வெச்சிருக்காங்க. யாரு வாசிக்கிறது?" என்று கேட்டார். சொன்னேன். நான் நீட்டிய பாக்கெட்டுகளில் தாங்கள் வாங்கியதைக் கையில் எடுத்ததும் முகம் மாறிவிட்டது. "இது நம்ம கடை பாக்கெட்டாச்சே! ஜோல்னாப் பை போட்டுகினு ஒரு பெரியவரு வாங்கிக்கினு போனாரு. உங்களுக்கு இன்னா வேணும் அவரு?"

"சம்பந்தி" என்றேன். சண்டை போட்ட சம்பந்தி என்று சொல்லவில்லை.

"சார், அவர மறக்கவே முடியாது சார். ஒண்ணரை மணி நேரம் தோ அந்த ஸ்டூல்ல குந்திகினு இருந்தாரு. ஒவ்வொரு பாக்கெட்டா மாட்டி வாசிக்கச் சொல்றாரு, கண்ண மூடிகினு கேக்குறாரு. 'எம் பொண்ணு வாசிக்கிறா. ஏழு வருஷமா நான் கேக்கவேயில்ல. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, நீங்கதான் சொல்லணும்'ன்றாரு. லாஸ்ட்டா இத மாட்டினேன். 'இதுலதான் ஸ்வரம் அறுந்துபோகாம நிக்கறது'ன்னு சொல்லி எடுத்துக்கினாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு சார்."

சம்பந்தி, தாங்கள் அந்த ஸ்டூலைப் பார்த்திருக்கிறீர்கள். முதுகு சாய இடமில்லை, ஒரு கால் குட்டை. அதில் ஒன்றரை மணி நேரம்! நான் அஞ்சு நிமிடத்தில் தடவிப் பார்த்து வாங்கியவன். அப்போதே எனக்கு உள்ளுக்குள் என்னவோ ஆகிவிட்டது. ஆனால் ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக ஒரு யோசனை தோன்றியது. யாருக்கும் தோல்வி இல்லாமல், தடித்த கம்பி இரண்டும் என் ஃப்ளாட்டில், மெல்லிய கம்பி இரண்டும் தங்கள் ரவுண்டில் போட்டுவிட்டால் என்ன? கரீமிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சார் இது, ஒரு கால்ல லுங்கியும் ஒரு கால்ல பேன்ட்டும் மாட்டி வுடுற மாதிரி! வாசிக்கிறவங்கள ஒரு வார்த்தை கேட்டியா சார்?"

"சர்ப்ரைஸ்பா."

"ஆமாமா, நல்லாவே சர்ப்ரைஸ் ஆவாங்க" என்று முனகிக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஹம்சினி வந்தாள். கிடார் இருந்த இடத்தில் இருந்தது. தோளில் மாட்டினாள், தடித்த கம்பியைத் தட்டினாள், "தும்" என்றது. மெல்லிய கம்பியைத் தட்டினாள், "ஞ்ஞ்ஞைங்" என்று கூவியது. கம்பியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் அவள் பேசியது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம்.

"மாமா, யாரு பண்ணினா இதை?"

"நியாயமா பாதிப் பாதி..."

"நான் உங்ககிட்ட கேட்கவேயில்லையே மாமா. அப்பாகிட்டயும் கேட்கல. எனக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னா? ஏழு வருஷமா வாசிக்கறேன். யோசிச்சிண்டிருந்தேன், அவ்வளவுதான். இந்த ஆத்துல யோசிக்கறதைக்கூட சத்தமா பண்ணக் கூடாதா? இது எப்படி இருக்கு தெரியுமா? என் டூத் பிரஷ்ஷை எடுத்துத் தேய்ச்சுப் பார்த்துட்டு, நன்னாத்தான் இருக்குன்னு திருப்பி வெச்ச மாதிரி இருக்கு!"

இரண்டு வருடத்தில் அந்தப் பெண் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஹரி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, நீங்க கொஞ்ச நேரம் கிச்சனுக்குப் போங்க" என்றான். "ம்" தவிர அவன் பேசிய முழு வாக்கியம் அந்த வாரத்தில் அது ஒன்றுதான், அதுவும் எனக்கு எதிராக. நான் கிச்சனுக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "தப்புதாம்மா" என்றேன். கல்லாவில் உட்கார்ந்து எத்தனையோ வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், அதெல்லாம் வியாபாரம்.

அவள் நாலு கம்பியையும் சேர்த்து ஒரு தடவை வாசித்தாள். பாதிச் சத்தம் பீப்பாய்க்குள்ளிருந்தும் பாதிச் சத்தம் மொட்டை மாடியிலிருந்தும் வந்த மாதிரி இருந்தது. மறுபடி வாசித்தாள். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஐயோ மாமா, கேளுங்களேன்! 'தும்தும்'னு இது நீங்க. இது அப்பா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசறேள்!" என்று சிரித்தாள். முத்துலட்சுமியும் வந்து கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் உயிர் வந்தது. அந்தத் தெம்பில், தங்கள் சார்பாகவும் இரண்டு வார்த்தை சொல்லலாமே என்று கரீம் சொன்ன கதையைச் சொன்னேன். ஸ்டூல், ஒன்றரை மணி நேரம், கண்ணை மூடிக் கேட்டது, எல்லாம்.

ஹம்சினி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "அப்பாவா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஒண்ணரை மணி நேரமா?" ஆமாம் என்றேன். "அப்பா இதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்ல மாமா. வீணையை விட்டுட்டேன்னு ஒரு கச்சேரிக்கும் வந்ததில்ல. ஒண்ணரை மணி நேரமா?" என்று மறுபடியும் கேட்டாள். பிறகு ஒரு துணியை எடுத்துப் பலகையைத் துடைத்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒரு சட்டம் போட்டாள். கம்பியை அவளே மாற்றிக்கொள்வாள். எதைப் போட்டாள் என்று நானும் கேட்கக்கூடாது, தாங்களும் கேட்கக்கூடாது. இருவரும் சனிக்கிழமை வரவேண்டும், வந்து பேசாமல் கேட்கவேண்டும். அன்றைக்கே தங்களுக்கும் செய்தி அனுப்பினாள் என்று நினைக்கிறேன்.

நான் சட்டத்தை மீறவில்லை. வெள்ளிக்கிழமை அவள் கதவைச் சாத்திக்கொண்டு கம்பி மாற்றியபோது நான் பால்கனிக்குப் போய்விட்டேன். ஆனால் சனிக்கிழமை ஆறரை மணிக்கு, அந்த மாடி ஹாலில், தீபிகா பாடி முடித்து ஒதுங்கி நின்று, டிரம்ஸும் ஓய்ந்து, ஹம்சினி மட்டும் தனியாக வாசிக்க ஆரம்பித்தாளே, அப்போது கேட்காமலே தெரிந்துகொண்டேன். ஃப்ளாட்! சந்தேகமேயில்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குத் தாவவில்லை, பட்டு மடிப்பு கையிலிருந்து நழுவுகிற மாதிரி நழுவிப் போய் நின்றது. நின்ற இடத்தில் அசைந்தது. தங்கள் வீணையில் கமகம் என்பீர்களே, அது அப்படியே அந்த மொட்டைப் பலகையில் வந்தது. அந்த வழவழப்பு ஃப்ளாட்டுக்குத்தான் வரும், ஃப்ளாட்டுக்கு மட்டும்தான் வரும். நாற்பது வருட விரல் சொல்கிறது. பக்கத்தில் முத்துலட்சுமி, "பாவிப் புள்ள, நாலு கம்பிய வச்சுக்கிட்டு மனுசன இப்படி அழ வைக்குதே" என்றாள். பிறகு திரும்பிப் பார்த்து என் தொடையைக் கிள்ளி, "ஏங்க, கடைசி வரிசையில சம்பந்தி கண்ணத் தொடைக்காக" என்றாள். நான் உடனே திரும்பவில்லை. என் முகமும் அப்போது திரும்பிக் காட்டுகிற நிலையில் இல்லை.

அப்புறம் திரும்பினேன். தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். மேடையிலிருந்து ஹம்சினியும் தங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளெல்லாம் ரவுண்டுதான் என்று நின்றவர், ஃப்ளாட்டின் நாதத்துக்கு அப்படி மனம்விட்டுத் தலையாட்டினீர்களே, அதற்கு நான் தலைவணங்குகிறேன். தோற்றுவிட்டோம் என்று தெரிந்தும் ரசிப்பதற்குப் பெரிய மனது வேண்டும். தங்களுக்கு அது இருக்கிறது. வெளிச்சம் போட்டதும் பேச ஓடி வந்தேன், அதற்குள் தாங்கள் படியிறங்கி ஆட்டோ ஏறிவிட்டீர்கள். பேசியிருந்தாலும் கம்பியைப் பற்றி நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வெற்றியை நான் காட்டிக்கொள்கிறவனில்லை.

இனி மன்னிப்பு. கரும்பலகை, சாக்பீஸ் என்று தங்களை நான் சொன்னது பெருந்தவறு. ஒன்றரை மணி நேரம் கண்ணை மூடிக் கேட்கத் தெரிந்த மனிதரைப் பார்த்து, எசை தெரியுமா என்று கேட்டேன். பெண்ணைப் பெற்றவரை என் வீட்டு இலையிலிருந்து எழுந்து போக வைத்தேன். அதற்காகத் தங்களிடம் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் பெசன்ட் நகருக்கு வருகிறோம். கதவைத் திறப்பது தங்கள் சித்தம். ஹம்சினி கிடாரையும் எடுத்து வருவாள். இந்தத் தடவை பையில்தான் வரும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள். தங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், குறைவில்லாத கேள்விஞானமும், போனை எடுக்கும் எண்ணமும் உண்டாகும்படி வடபழனி முருகனை வேண்டிக்கொண்டு இத்துடன் நிறுத்துகிறேன்.

தங்கள் அன்புக்குரிய,
கணேசமூர்த்தி

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி மேலே உள்ளதை ஹம்சினியிடம் கொடுத்தேன். ஆபீசுக்குக் கிளம்பியவள் செருப்புக் காலோடு வாசலில் நின்றே முழுவதையும் படித்தாள். "லெட்டர் ரொம்ப நன்னா இருக்கு மாமா. பிழை ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். சனிக்கிழமை அவள் வாசித்தது ரவுண்டாம். தாங்கள் வாங்கிக் கொடுத்த அதே பாக்கெட்டாம். நான் நம்பவில்லை. கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கம்பியைத் தடவச் சொன்னாள். நெறுநெறுவென்று வரிவரியாகத் தட்டியது. ஈட்டி மரப் பலகையில் இப்போதே மூன்று மெல்லிய கோடு விழுந்திருக்கிறது. பதறிப்போய் அதைக் காட்டினேன். அவள் விரலால் தடவிப் பார்த்து, "தேஞ்சா தேயட்டும் மாமா. அப்பா கேட்டுக் கேட்டு எடுத்தது" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டாள்.

மறுபடி எழுத நேரமில்லை, கடை திறக்க வேண்டும். ஆகவே தயவுசெய்து ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமைக் கச்சேரியைப் பற்றிய பத்திகளில் 'ஃப்ளாட்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'ரவுண்ட்' என்றும், 'ரவுண்ட்' என்று வரும் இடத்தில் 'ஃப்ளாட்' என்றும் திருத்திக்கொள்ளவும். நாற்பது வருட விரல் என்கிற வாக்கியத்தை முழுவதுமாக அடித்துவிடவும். பெரிய மனது வேண்டும் என்ற இடத்தில் 'தங்களுக்கு' என்பதை 'எனக்கு' என்று மாற்றி, 'இருக்கிறது' என்பதை 'இனிமேல் வரும்' என்று ஆக்கிக்கொள்ளவும். மன்னிப்புக் கேட்ட பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதை இரண்டு தடவை படிக்கவும்.